தோலை விரிக்கும் பலூனும் அடியிலிருக்கும் எலும்புறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் ஏலத்தோட்டங்களிலிருந்தும் பழைய தீக்காயத் தழும்பு, இயந்திரத்தில் சிக்கிய தலை, குழந்தையின் பெரிய பிறவி மறு என்று பல காரணங்களுக்காகப் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு வருகிறவர்களிடம் "பலூன் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்" என்று நான் சொன்னவுடன் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் மேலே தெரியும் தோலைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் பலூன் மேல்பக்கம் மட்டும் தள்ளுவதில்லை, கீழ்ப்பக்கமும் தள்ளுகிறது. அங்கே எலும்பும் அதைப் போர்த்திய ஒரு மெல்லிய சவ்வும் இருக்கின்றன. ஆகவே அதிகம் கேட்கப்படாத அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே சற்று அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

பலூன் வைப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறீர்கள்?

தழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலுக்கு அடியில், காற்றில்லாமல் தட்டையாகக் கிடக்கும் ஒரு சிலிக்கான் பையை முதல் அறுவை சிகிச்சையில் வைக்கிறோம். பையிலிருந்து ஒரு சிறு குழாய் போய், தோலுக்கடியில் பொத்தான் போலத் தட்டுப்படும் ஊசிவாயில் முடிகிறது. தையல் ஆறுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் விட்டுவிட்டு, பிறகு வாரம் ஒருமுறை அந்த ஊசிவாயில் மெல்லிய ஊசியால் சலைன் எனும் உப்புநீரைச் செலுத்துகிறோம். பை பெருக்கப் பெருக்க அதன் மேலுள்ள தோல் கர்ப்பிணியின் வயிற்றுத் தோல் போல மெதுவாக விரிகிறது. போதுமான தோல் சேர்ந்த பிறகு, இரண்டாவது அறுவை சிகிச்சையில் பையை எடுத்துவிட்டு, தழும்பை வெட்டி நீக்கி, விரிந்த தோலை நகர்த்தி அந்த இடத்தை மூடுகிறோம்.

1957-இல் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர் சிதைந்த காதைச் சீரமைக்க ஒரு ரப்பர் பலூனைத் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த யோசனை இருபது ஆண்டுகள்போலத் தூங்கியது. 1970-களின் பிற்பகுதியில் ராடோவன் என்பவர் சிலிக்கான் பையும் ஊசிவாயும் கொண்டு, இன்று நாம் செய்கிற முறைக்கு வழி வகுத்தார்.

எலும்பின் மேல் சவ்வு இருக்கிறது என்கிறீர்களே, அது எது?

இரவில் இருட்டில் நடக்கும்போது கட்டில் காலில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை இடித்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சவ்வை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உயிர் போகிற அந்த வலி எலும்பின் வலியன்று. எலும்பை இறுக்கிப் போர்த்தியிருக்கும் உறையின் வலி. மருத்துவத்தில் அதைப் பெரியாஸ்டியம் என்பார்கள். இந்தப் பக்கத்தில் எலும்புறை என்று எழுதுகிறேன். மூட்டுகளில் குருத்தெலும்பு பூசிய பரப்பைத் தவிர எலும்பின் வெளிப்புறம் பெரும்பாலும் இந்த உறையால் மூடப்பட்டிருக்கிறது.

அதற்கு இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியடுக்கு நார்களால் ஆனது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில் ஓடுகின்றன. உள்ளடுக்கில்தான் புதிய எலும்பை உண்டாக்கக்கூடிய செல்கள் இருக்கின்றன. குழந்தைகளிடம் இந்த உள்ளடுக்கு தடித்தும் சுறுசுறுப்பாகவும் இருக்கும், வயதாக ஆக மெலிந்துவிடும். சின்னப் பிள்ளையின் கை முறிந்தால் சீக்கிரம் கூடிவிடுவதற்கும் பாட்டியின் கை முறிந்தால் மாதக்கணக்கில் இழுப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். எலும்போடு உறையைத் தைத்துவைத்தது போலச் சிறு நார்கள் எலும்புக்குள்ளேயே இறங்கியிருக்கும். மண்டையோட்டில் எலும்புத் தகடுகள் சேரும் பொருத்துகளில் இந்தப் பிடிப்பு மிகவும் இறுக்கமானது. பிறந்த குழந்தையின் தலையில் சில சமயம் எழும் இரத்த வீக்கம் ஒரே எலும்பின் எல்லைக்குள் நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் உறைக்கு அடியில் தேங்கியிருப்பதும், பொருத்தைத் தாண்டிப் போக உறை விடாததுமே அதற்குக் காரணம்.

களத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தில் முடி சிக்கித் தலைத்தோல் பிய்ந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து உடனே ஒட்டுங்கள் என்றோம். "இப்போது முடியாது" என்றார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்கு முழுப் பதிலும் எலும்புறைதான்.

தலைத்தோல் ஐந்து அடுக்குகளால் ஆனது: மேலே தோல், அதனடியில் கொழுப்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கெட்டியான இழையம், அதற்கடியில் கேலியா எனப்படும் தடித்த நார்த்தகடு, அதற்கடியில் தளர்வான ஒரு மெல்லிழை அடுக்கு, கடைசியாக எலும்பை ஒட்டிய எலும்புறை. முடியை இயந்திரம் இழுக்கும்போது மேலிருக்கும் மூன்று அடுக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து, தளர்வான நான்காம் அடுக்கில் பிய்கின்றன. பிய்ந்த தலைத்தோல் நல்ல நிலையில், நேரத்தோடு வந்து சேர்ந்தால், நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாய்களை இணைத்து அதையே திரும்ப வைக்க முயல்வதுதான் முதல் வழி. ஆகவே பிய்ந்த தோலைத் தூக்கி எறியாமல், சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி தோலை நேரடியாகத் தொடக்கூடாது. இந்தப் பதிலில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

தோல் கிடைக்கவில்லை அல்லது நைந்துபோய்விட்டது என்றால் அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறோம். எலும்புறை மிஞ்சியிருந்தால் அது இளஞ்சிவப்பாக, ஈரமாக, தொட்டால் இரத்தம் கசிகிறதாக இருக்கும். அதன்மேல் தோல் ஒட்டு பிடிக்கும். உறையும் சேர்ந்து பிய்ந்திருந்தால் வெள்ளையாக, காய்ந்த எலும்புதான் தெரியும். அதன்மேல் எவ்வளவு நேர்த்தியாகத் தோலை ஒட்டினாலும் கறுத்து உதிர்ந்துவிடும். நம் பள்ளத்தாக்கில் நெல் நடுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோல் ஒட்டு என்பது பறித்து நட்ட நாற்று. சேறு இருந்தால் வேர் பிடிக்கும், பாறையில் பிடிக்காது. எலும்புறைதான் அந்தச் சேறு. தோல் மடல் என்பது வேறு. அது தாய்ச்செடியை விட்டு அறுக்காமல் வளைத்து மண்ணில் புதைத்த பதியன் போன்றது. தன் இரத்த ஓட்டத்தைத் தானே கொண்டுவருவதால் வெற்று எலும்பின் மேலும் அது வாழும்.

மடலுக்கு வழியில்லாத இடத்தில் ஒரு பழைய முறை உண்டு. மண்டையோட்டு எலும்பு ஒற்றைத் தகடன்று. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் இரத்தம் நிறைந்த பஞ்சு போன்ற எலும்பு என்று மூன்றாக இருக்கிறது. வெளித்தகட்டில் மட்டும் நெருக்கமாகச் சிறு துளைகள் இட்டால், சில வாரங்களில் அவற்றின் வழியே செஞ்சதை முளைத்து எலும்பை மூடும். அதன்மேல் தோல் ஒட்டலாம். அமெரிக்காவின் டென்னசி எல்லைப்புறச் சண்டைகளில் தலைத்தோல் உரிக்கப்பட்டவர்களுக்கு, செருப்புத் தைக்கும் ஊசி போன்ற கருவியால் இதைச் செய்த விவரத்தை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் எழுத, அது 1806-இல் அச்சானது. இன்றும் அடிப்படை அதுதான், கருவி மட்டுமே மாறியிருக்கிறது.

"இப்போது முடியாது" என்று உங்களிடம் சொன்ன மருத்துவர் காலம் கடத்தவில்லை. செஞ்சதை முளைக்கக் காத்திருந்திருக்கிறார். அப்படி ஒட்டிய தோலில் முடி இருக்காது. முடி வேண்டுமென்றால், எல்லாம் ஆறி மாதங்கள் கழிந்த பிறகு பலூன் கட்டத்துக்கு வருகிறோம்.

தலையில் பலூனை எலும்புறைக்கு மேலே வைப்பீர்களா, கீழேயா?

மேலே. கேலியாவுக்கு அடியில், எலும்புறைக்கு மேலே, அந்தத் தளர்வான நான்காம் அடுக்கில் பைக்கு இடம் செய்கிறோம். அந்த அடுக்கு விரல் நுனியால் தள்ளினாலே பிரிந்து வழிவிடும், இரத்தக் கசிவும் குறைவு. இயந்திரம் முரட்டுத்தனமாகப் பிரித்த அதே அடுக்கை நாங்கள் பொறுமையாகப் பிரிக்கிறோம்.

பழைய தழும்பு இருக்கும் தலையில் மட்டும் இது அவ்வளவு சுலபமன்று. தழும்பு எலும்புறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அடுக்குகள் தெளிவாகப் பிரியா. தொழிலின் தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, அப்படி ஒட்டியிருந்த இடத்தில் அவசரப்பட்டு, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு எலும்புறையை நானே கிழித்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அறுவை சிகிச்சையில் விரிந்த தோல் ஓரிடத்தில் ஒரு விரற்கடை குறைந்தபோதுதான் அதன் விலை தெரிந்தது. உறை இருந்திருந்தால் அந்த இடைவெளியில் ஒரு சிறு தோல் ஒட்டு வைத்து முடித்திருக்கலாம். உறை இல்லாததால் மடலை மறுபடியும் பிரித்து, வேறு திசையில் திருப்பி, கூடுதலாக ஒன்றரை மணி நேரம் போராட வேண்டியிருந்தது. கிழியாத எலும்புறை என்பது கையிருப்புப் பணம் மாதிரி. செலவழிக்கும் தேவை வராமலே போகலாம், இல்லாதபோதுதான் அருமை தெரியும்.

பலூன் மண்டையோட்டை அழுத்தாதா? எலும்பு குழிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார்.

அழுத்தும், ஓரளவு குழியவும் செய்யும். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சலைன் நிரம்பிய பை எல்லாத் திசையிலும் ஒரே அளவாகத் தள்ளுகிறது. மேலே கேலியா இருக்கிறது. அது சாக்குத்துணி போல இழுபடாத நார்த்தகடு. அது விட்டுக்கொடுக்கத் தயங்கும் நாட்களில் அழுத்தம் முழுவதும் அடியிலிருக்கும் எலும்புறையின் மீதும் எலும்பின் மீதும் விழுகிறது. எலும்பு கல் போன்றது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நாள்தோறும் தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டும் கொஞ்சம் கட்டிக்கொண்டும் இருக்கிற உயிருள்ள இழையம். தொடர்ந்து அழுத்தம் வரும் இடத்தில் கரைப்பது கூடி, கட்டுவது குறைகிறது. ஆகவே பைக்கு நேர் கீழே எலும்பின் கனம் குறைந்து, தட்டையான சாஸர் போன்ற ஒரு பள்ளம் உண்டாகிறது. எலும்பின் அடர்த்தி குறைவதில்லை. கனமும் பருமனும்தான் குறைகின்றன.

பையின் ஓரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே உறை அழுத்தப்படுவதில்லை, இழுபடுகிறது. இழுபட்ட உறையின் உள்ளடுக்குச் செல்கள் விழித்துக்கொண்டு புதிய எலும்பைப் படிய வைக்கின்றன. அதனால் பள்ளத்தைச் சுற்றிலும் வரப்புக் கட்டியது போல ஒரு மேடு எழும்புகிறது. ஒரே சவ்வு, சில சென்டிமீட்டர் தூரத்தில், அழுத்திய இடத்தில் எலும்பை விட்டுக்கொடுக்கிறது. இழுத்த இடத்தில் எலும்பைச் சேர்க்கிறது. மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எனக்கு ஒரு வரியாகக் கடந்துபோன இந்தச் செய்தி, பையை எடுத்த பிறகு அந்த வரப்பை விரலால் தடவிப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

கை, கால் போன்ற நீண்ட எலும்புகளைவிட மண்டையோட்டில் இந்த மாற்றம் அதிகம். பெரும்பாலானவர்களுக்குப் பையை எடுத்த பிறகு, அடுத்த மாதங்களில் பள்ளம் நிரம்பி வரப்பு மழுங்கிவிடுகிறது. மண்டையோட்டின் முழுக் கனமும் அரிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் வாரா வாரம் ஊசி போடும்போது தோலின் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தலைவலி உண்டா, ஒரே இடத்தில் குடைச்சல் உண்டா என்றும் கேட்கிறோம். "எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது. தோல் தாங்குகிறதே என்று வேகமாக நிரப்பினால், மேலே கிடைக்கும் லாபத்துக்கு அடியில் வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

குழந்தைக்கு வைக்கலாமா? மண்டை இன்னும் கெட்டிப்படவில்லையே.

பெரிய பிறவிக் கருமறு உள்ள பிள்ளைகளுக்கு இது பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டு வருகிறது. குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, பொருத்துகள் முழுதாகக் கூடியிருக்க மாட்டா. ஆகவே பெரியவர்களைவிடச் சீக்கிரம் குழியும். அதே சமயம் அவர்களின் எலும்புறையும், மூளைப்பக்கத்தில் எலும்பை ஒட்டியிருக்கும் தடித்த மூளையுறையும் எலும்பு கட்டுவதில் மிகுந்த சுறுசுறுப்பு உள்ளவை; ஆகவே சீக்கிரம் நிரம்பவும் செய்யும். உச்சிக்குழி திறந்திருக்கும் கைக்குழந்தைகளுக்கு, கட்டாயம் இல்லாதபோது, நான் காத்திருக்கவே சொல்வேன்.

ஊசி போட்ட அன்றோ மறுநாளோ குழந்தை இடைவிடாமல் அழுதாலும், வாந்தி எடுத்தாலும், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலும் அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டாம், உடனே வாருங்கள். ஊசிவாய் வழியாகக் கொஞ்சம் சலைனைத் திரும்ப எடுத்தால் அழுத்தம் அந்த நிமிடமே குறைந்துவிடும்.

பலூனைச் சுற்றி "கூடு" கட்டும் என்கிறார்களே, அதுவும் எலும்புறையும் ஒன்றா?

இல்லை. எந்த அந்நியப் பொருளை உள்ளே வைத்தாலும் உடல் அதைச் சுற்றி ஒரு நார்ப்படலத்தைக் கட்டிவிடும். பலூனைச் சுற்றியும் அப்படி ஒரு கூடு உண்டாகிறது. அதன் கீழ்ச்சுவர் எலும்புறையின் மேல் படிந்து அதோடு ஒட்டிக்கொள்கிறது. மேல்சுவரில் புதிய இரத்தக் குழாய்கள் செழித்து வளர்கின்றன. விரித்த தோல் மடல், விரிக்காத மடலைவிட நன்றாக உயிர்பிழைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மற்ற அடுக்குகளின் கணக்கு இப்படி இருக்கும்: மேல்தோல் தடிக்கிறது, உள்தோல் மெலிகிறது, கொழுப்பும் தசையும் தேய்கின்றன. தேய்ந்த கொழுப்பு முழுதாகத் திரும்புவதில்லை.

கூட்டை முழுவதும் உரித்தெடுக்க வேண்டுமா என்று இளம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. மடல் போய்ச் சேர்ந்தால் தொட வேண்டாம்; சேரவில்லை என்றால் மேல்சுவரில் கோடுகளாகக் கீறிவிட்டால் மடல் இன்னும் கொஞ்சம் நீளும். கீழ்ச்சுவரை உரிக்கப் போனால் எலும்புறையும் கூடவே வந்துவிடும், அதனால் அதை விட்டுவிடுவதே என் வழக்கம்.

உடல் கட்டும் படலத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. விபத்தில் ஒரு நீளத்துக்கு எலும்பே போய்விட்ட காலில், அந்த இடைவெளியில் எலும்பு சிமென்டுக் கட்டி ஒன்றை வைத்து, அதைச் சுற்றிப் படலம் உண்டாக ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்து, பிறகு சிமென்டை எடுத்துவிட்டு அந்தப் படலத்துக்குள்ளே எலும்புத் துருவலை நிரப்புவார்கள். பிரான்சின் மஸ்கெலே என்ற அறுவை மருத்துவர் 1980-களில் தொடங்கிய முறை இது. இழந்த எலும்புறையின் வேலையில் ஒரு பங்கை அந்தத் தற்காலிகப் படலம் செய்கிறது.

எலும்புறையையே வேண்டுமென்று விரிப்பதுண்டா?

உண்டு, பெரும்பாலும் பல் மருத்துவத்தில். பல் விழுந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்குத் தாடை எலும்பு தேய்ந்துபோயிருக்கும். இம்ப்ளாண்ட் எனும் செயற்கைப் பல்வேரைப் பதிக்க எலும்பைக் கூட்டினால் ஈறு அதன் மேல் மூட மறுக்கும். ஈறு மூடாததற்குக் காரணம் எலும்புறை. அது திடீர் இழுப்புக்கு இம்மியும் நீளாது. ஈறு மடலின் உட்பக்கத்தில் எலும்புறையை மட்டும் மெல்லியதாகக் கீறிவிட்டு மடலை முன்னால் இழுப்பதுதான் வழக்கமான வழி. மற்றொரு வழியில், உடல்நீரை உறிஞ்சித் தானே ஊதும் ஒரு சிறு ஹைட்ரோஜெல் குளிகையை ஈறுக்கடியிலோ எலும்புறைக்கடியிலோ சில வாரங்கள் வைத்து, மென்திசுவை மெதுவாக வளர்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஊசி இல்லை. குளிகையைச் சுற்றியுள்ள துளையிட்ட சிலிக்கான் உறை, ஊதும் வேகத்தைக் குறைக்கிறது. பிறவியிலேயே கண் வளராத குழந்தைகளின் கண்குழியைப் பெரிதாக்கவும் இவ்வகை ஜெல் பயன்பட்டிருக்கிறது.

எலும்புறையை எலும்பிலிருந்து சிறிது சிறிதாகத் தூக்கினால் நடுவில் புது எலும்பு விளையுமா என்று விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். விளைகிறது; ஆனால் விளையும் அளவு சோதனைக்குச் சோதனை வேறுபடுகிறது. நோயாளியிடம் இதை நம்பி வாக்குக் கொடுக்கும் கட்டம் வரவில்லை என்பது என் கருத்து.

இந்தச் சவ்வு எலும்பைக் கட்டுகிறதா, வெறும் வேலியா என்பது பழைய வழக்கு. 1740-களில் பிரான்சில் துஹாமெல் என்ற ஆய்வாளர் இளம் விலங்குகளின் எலும்பைச் சுற்றி வெள்ளிக் கம்பியைக் கட்டிவைத்து, நாளடைவில் கம்பி எலும்புக்குள் புதைந்திருப்பதைக் கண்டு, எலும்பு வெளிப்புறத்தில் படிகிறது என்றார். லியோன் நகரின் அறுவை மருத்துவர் ஒலியே, 1867-இல் வெளியிட்ட பெரிய நூலில் எலும்புறைக்கு எலும்பு விளைவிக்கும் ஆற்றல் உண்டு என்று நிறுவினார். ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் மெக்ஈவன் 1912-இல் அதை மறுத்து, உறை எலும்பின் எல்லையைக் காக்கும் வேலி மட்டுமே என்றார். இன்றைய நிலையில் துஹாமெலும் ஒலியேயும் வென்றுவிட்டார்கள். ஆனால் பலூனுக்கு அடியில் அழுத்துண்ட உறையைப் பார்க்கும்போது மெக்ஈவன் முழுக்கத் தவறில்லை என்றும் தோன்றும்.

முழங்காலுக்குக் கீழே தழும்பு. அங்கும் பலூன் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் தயக்கத்தோடுதான். கீழ்க்காலில் தோல் இறுக்கம், இரத்த ஓட்டம் குறைவு. தொற்றும், பை வெளியே எட்டிப் பார்ப்பதும் தலையைவிட அங்கே அதிகம். முன்னெலும்பின் நேர்மேலே தோலுக்கும் எலும்புறைக்கும் நடுவில் மெத்தை என்று ஒன்றுமே இல்லாததால் அங்கே வைப்பதை நான் தவிர்க்கிறேன்.

எத்தனை வாரம் வர வேண்டும்? தோட்ட வேலைக்குப் போகலாமா?

நிரப்புவதற்குப் பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்பதை முன்கூட்டியே எழுதித் தர முடியாது. செலுத்திக்கொண்டே தோலை விரலால் அழுத்தி எடுக்கிறோம். வெளுத்த இடத்தில் இரண்டு, மூன்று விநாடிக்குள் நிறம் திரும்பினால் தொடரலாம். திரும்பத் தாமதித்தாலோ, உங்களுக்கு இறுக்கம் வலியாக மாறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். தேவைப்பட்டால் செலுத்தியதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுப்போம்.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் பறித்துவிட்டு மாலையில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருநாள் வருவதென்றால் ஒருநாள் கூலி போகும். தோட்டம் விடுமுறையாக இருக்கும் நாளையே ஊசி நாளாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. கெடுவது தவறிய வாரத்தை ஈடுகட்டப் பார்ப்பதால்தான். மூன்று வாரம் வராத ஒரு பெண், மலை மேலேயே ஓரிடத்தில் "விட்டுப்போனதையும் சேர்த்துப் போடுங்கள்" என்று கேட்க, அவர்களும் போட்டுவிட்டார்கள். மறுநாள் தோல் மெழுகு போல வெளுத்துப் பளபளக்க வந்து நின்றார். பாதிக்கு மேல் சலைனை வெளியே எடுத்ததில் தோல் பிழைத்தது, ஆனால் மொத்தக் கணக்கில் மேலும் ஒரு மாதம் கூடியது.

பை நிரம்பிய நாட்களில் தலையில் சுமை தூக்கவோ, கூடையின் வாரை நெற்றியில் மாட்டவோ கூடாது. ஜீப்பில் கம்பியோரம் உட்கார வேண்டாம். கம்பம் மெட்டு வளைவுகளில் தலை எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது. தலைக்குத் தளர்வான பருத்தித் துண்டு போதும், இறுக்கிக் கட்ட வேண்டாம். தோல் சிவந்து சூடானாலும், தையலில் நீர் கசிந்தாலும், பையின் பளபளப்பு வெளியே தெரிந்தாலும், திடீரென்று வீக்கம் தட்டையாகிவிட்டாலும் அன்றே வர வேண்டும்.

விரித்த தோலில் முடி புதிதாக முளைக்குமா?

முளைக்காது, இருக்கிற முடிவேர்களே தள்ளித் தள்ளி நிற்கும். தலைத்தோலில் ஏறக்குறைய பாதியை இழந்தவருக்குக்கூட, மிஞ்சிய பாதியை விரித்து முழுத்தலையையும் மூடலாம். முடி அடர்த்தி குறைந்திருப்பது பார்ப்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பையின் வடிவமும் இதில் பேசும். விரிந்த பரப்பாகக் கணக்கில் வருவதில் நடைமுறையில் கைக்குக் கிடைப்பது வட்டப் பைக்கு ஏறக்குறைய 25 விழுக்காடு, பிறை வடிவத்துக்கு 32, செவ்வகத்துக்கு 38. "இவ்வளவு பெரிய வீக்கத்துக்கு இவ்வளவு சின்ன லாபமா?" என்று இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்ப அட்டை கேரளத்தில், ஊர் தமிழ்நாட்டில். காப்பீடு எதில் கிடைக்கும்?

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்‌ஷா திட்டமும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகின்றன. எந்த அட்டையில் பெயர் இருக்கிறதோ அந்தத் திட்டத்தில்தான் கேட்க முடியும். எந்தப் பக்கமானாலும், முதல் அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பையின் விலை தொகைக்குள் அடங்குமா, இரண்டாவது அறுவை சிகிச்சைக்கும் அனுமதி உண்டா. முதல் கட்டத்தை ஒரு மாநிலத்திலும் இரண்டாம் கட்டத்தை மறு மாநிலத்திலும் செய்ய நேர்ந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் பையின் அளவு, ஊசிவாய் இருக்கும் இடம், இதுவரை செலுத்திய மில்லி, எலும்புறை முழுதாக இருக்கிறதா இல்லையா என்ற நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்காவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, கேட்டு வாங்குங்கள்.

பலூன் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. தலையைத் தடவினால் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்படுகிறது. பயப்பட வேண்டுமா?

அது பையின் ஓரத்தில் எலும்புறை கட்டிய மேடு. வலியும் சிவப்பும் இல்லையென்றால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்க்கும்போது மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள், மழுங்கிக்கொண்டே வரும். ஓர் ஆண்டு கழிந்தும் அதே கூர்மையோடு இருந்தாலோ, உள்பக்கப் பள்ளம் விரல் நுனி இறங்கும் அளவுக்கு இருந்தாலோ ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அதுவரை சீப்பு அந்த இடத்தில் சற்றே இடறும், அவ்வளவுதான்.